திருகாணி மேல் ஒரு சிவப்புக் கோடு

ஒருவர் சரியாக வைத்துக் கொடுத்த திருகாணியை நான் திருகி இறுக்கினேன். அதனால் என் மனைவியின் தம்பிக்குக் கால் முறிந்தது. பிறகு யாருக்கும் தெரியாமல் திருகாணியைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன். பழி, அதைச் சரியாக வைத்துக் கொடுத்தவர் மேல் போய் விழுந்தது. விழும்போது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை.

இப்போது எனக்கு எழுபத்து மூன்று வயது. அவருக்கு எண்பது. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சான் ஹோசேயில் ஒரு காலத்தில் அந்தப் பெயர் பட்ட பாடு போதும்.

அவரை முதலில் பார்த்தது என் வீட்டு வாசலில். பிள்ளைகள் படிப்பு முடிந்து வெளியூர் போய்விட்டிருந்தார்கள். கராஜை ஒழித்தபோது கிடைத்த பழைய பனிச்சறுக்குப் பலகை ஒரு ஜோடியை, இங்கே எல்லோரும் ஸ்கீ என்றுதான் சொல்வோம், ‘ஃப்ரீ’ என்று காகிதம் ஒட்டித் தெருவோரம் சாய்த்து வைத்திருந்தேன். அரை மணி நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. கையில் என் ஸ்கீயோடு ஒரு தமிழர் நின்றார்.

“ஏனுங்க, இதுக்கு என்ன கேடுன்னு வெளிய போட்டிருக்கறீங்க?”

“பழசாயிடுச்சு சார். அடியெல்லாம் கீறல்.”

“கல்லு மேல போயிருக்குது, கீறியிருக்குது. அதுக்குன்னு தெருவுல விடறதுங்களா? என்ர குதிகாலப் பாருங்க, இத விட மோசமா வெடிச்சுக் கெடக்குது. ஊட்டுல இன்னும் வெச்சுத்தான் இருக்கறாங்க.”

உள்ளே என் மனைவி சிரித்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து வந்து வாங்கிக்கொள்ளும்படி சொல்லி, விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் வேண்டாமென்று தள்ளிய பொருளை என்னிடமே திரும்ப வரவழைக்கப் பார்க்கிறாரே என்று அன்றைக்கு எனக்குச் சின்ன எரிச்சல்கூட வந்தது.

கோயம்புத்தூர்க்காரர். ஹார்ட் டிஸ்க் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து, அது மூடியதோடு ஓய்வு பெற்றவர். அவர் கராஜில் கார் நின்று நான் பார்த்ததில்லை. சுவர் முழுக்க ஸ்கீ. தமிழ்ப் பள்ளிக் குடும்பங்களில் பாதிப்பேர் பிப்ரவரி நீண்ட வாரக்கடைசிக்குத் தாஹோ மலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் கால் வருடா வருடம் வளரும். ஒரு வீட்டுப் பிள்ளையின் ஸ்கீ அடுத்த வருடம் இன்னொரு வீட்டுக்குப் போகும். எல்லாம் இவர் கராஜ் வழியாகத்தான் போகும். காசு வாங்க மாட்டார். வருகிறவர்கள் சாப்பிடாமல் போனால்தான் கோபித்துக்கொள்வார். “வந்ததே வந்தீங்க, ஒரு வாய் சாப்புட்டுப் போட்டுப் போங்க” என்பது அவர் சொல்வதா, அவர் மனைவி சொல்வதா என்று பிரிக்க முடியாதபடி இரண்டு குரலும் ஒன்றாகவே வரும்.

கறுப்புப் பிளாஸ்டிக் குச்சியைப் பற்றவைத்து, சுடர் நீலமாகச் சுருங்கும் வரை காத்திருந்து, அடியில் இருக்கும் கீறலுக்குள் சொட்டுச் சொட்டாக விடுவார். சுடர் மஞ்சளாக எழும்பினால் கரி விழும், ஒட்டாது என்பார். ஆறியதும் இரும்புத் தகட்டால் இழைத்துவிடுவார். விரல் வைத்துத் தடவினால் கீறல் எங்கே இருந்தது என்றே தெரியாது. பிறகு மெழுகை உருக்கித் தேய்ப்பார். அதற்கு ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி. முதல் வருடம் வீட்டுப் பெட்டியையே எடுத்துவிட்டாராம். “அதே பொட்டியில என்ர கல்யாணப் பட்டுச்சேலையத் தேச்சு அப்பிடியே மெழுகு பூசிப் போட்டாருங்க. கட்டிட்டுப் போனா நானே சறுக்கிட்டுப் போயிருப்பேன்” என்று அந்த அம்மா சொல்லும்போது இவர் காது கேட்காதவர்போல ஸ்கீயின் எஃகு விளிம்பை அரம் போட்டுக்கொண்டிருப்பார். அரம் போட்டு முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அந்த விளிம்பில் ஒரு இழுப்பு இழுப்பார். நகம் மாவாக உதிர்ந்தால் கூர் சரி. பனிக்காலம் முழுக்க அவருடைய இடது கட்டைவிரல் நகம் தேய்ந்து பாதிதான் இருக்கும்.

இதெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளலாம். அவரிடம் மட்டும் இருந்த ஒன்று வேறு. ஒரு பொருள் தன் கையை விட்டுப் போன பிறகும் அது தன் பொறுப்பு என்று நினைப்பவர். “என்ர கையில இருந்து போனதுங்க” என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

பூட்ஸை ஸ்கீயோடு கவ்விப் பிடிக்கிற பூட்டுக்கு பைண்டிங் என்று பெயர். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கால் முறுக்கிக்கொண்டு விழும்போது அது பூட்ஸை விட்டுவிட வேண்டும். எவ்வளவு விசைக்கு விட வேண்டும் என்பதை ஒரு திருகாணி முடிவு செய்கிறது. ஆளின் எடை, உயரம், வயது, ஓட்டும் விதம், பூட்ஸின் நீளம் எல்லாம் பார்த்து அதை வைக்க வேண்டும். பழைய மாடல் பைண்டிங்குகளைக் கடைக்காரர்கள் தொடவே மாட்டார்கள். இவர் தொடுவார். ஆனால் வாய்வார்த்தையை நம்ப மாட்டார். கராஜில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று வைத்திருந்தார்.

“நூத்தி நாப்பது பவுண்டு அங்கிள்” என்பார் ஒரு பெண்மணி.

“சரிங்க. மேல ஏறுங்க.”

“அதான் சொல்றேனே.”

“நீங்க சொன்னதும் மெஷின் சொல்றதும் ஒண்ணா இருந்தா மெஷினுக்கும் சந்தோசமா இருக்குமுங்க.”

பெண்கள் ஏறும்போது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். மனைவி எண்ணைப் பார்த்துக் காகிதத்தில் எழுதி மடித்துக் கொடுப்பார். அந்த எண்கள் ஒன்றுகூட எந்த விருந்திலும், எந்த வேடிக்கைப் பேச்சிலும் வெளியே வந்ததில்லை. ஆண்கள் எடையைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டார்கள். திறமையைப் பற்றிச் சொல்வார்கள். நான் ‘நன்றாகவே ஓட்டுவேன்’ என்றேன். அவர் என் முழங்காலை ஒரு தடவை, முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, “மெதுவா ஓட்டறவருன்னே வெச்சுக்கலாமுங்க” என்றார்.

வைத்து முடித்ததும் மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து வருவார். திருகாணித் தலையிலிருந்து அதைச் சுற்றியுள்ள கூடு வரை மெல்லிய கோடு ஒன்று இழுப்பார்.

“இது எதுக்கு சார், திருஷ்டிக்கா?”

“நான் வெச்ச எடத்துலயே இருக்குதான்னு தெரியோணுமில்லீங்க. பூட்டுன்னா புடிக்கறது பெருசில்லீங்க. விடவேண்டிய நேரத்துல விடோணும். இது உங்களுக்கு வெச்சது. வேற யாருக்கும் குடுத்துப் போடாதீங்க.”

சீசன் முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரச் சொல்வார். உள்ளே மரம் வெடித்துப் போன ஸ்கீயை இரண்டாக அறுத்துத்தான் குப்பைக்குப் போடுவார். முழுசாகப் போட்டால் எவனாவது எடுத்துப் போய் ஓட்டிவிடுவானாம். எங்கள் கூட்டத்தில் ஒரு டாக்டர் இருந்தார். நடுவில் வெடிப்பு விட்டிருந்த அவருடைய ஸ்கீயை இவர் முடிந்துபோனது என்றார். டாக்டர் விடவில்லை, ஒட்டிக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இவர் உள்ளே போய், பைண்டிங்குகளைக் கழற்றி ஒரு பையில் போட்டு, ஸ்கீயைத் தனியாகவும் பையைத் தனியாகவும் நீட்டினார். “உங்க சொத்து, எடுத்துட்டுப் போங்க. மாட்டறது என்ர கையால ஆகாதுங்க.” டாக்டர் அதை மறக்கவில்லை. இப்படி மறக்காதவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். இவர் மேல் குற்றம் வந்தபோது அது விழுவதற்கு இடம் தயாராக இருந்தது.

அந்த வருடம் ஐந்து குடும்பம் ஒரே கேபினில் தங்கினோம். நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷனிலிருந்து என் மச்சினனும் வந்திருந்தான். கோயம்புத்தூர்க்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அவர் மலையில் ஏற மாட்டார், சமையலறைதான். முதல் நாள் காலையில் என் ஸ்கீ இரண்டு தடவை கழன்றது. இரண்டாவது தடவை, மேலே போகும் லிஃப்ட் நாற்காலிகளுக்கு நேர் கீழே. நான் பனியில் குப்புறக் கிடக்க, ஸ்கீ தனியாகச் சறுக்கிக்கொண்டு போனது. மேலிருந்து குரல் வந்தது.

“சார், உங்க ஸ்கீக்கு உங்கள விட அவசரம் போல.”

நாற்காலி வரிசை முழுக்கச் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். என் மச்சினனும் சிரித்தான்.

நான் பின்னால் சாய்ந்து ஓட்டினேன், அதனால் விழுந்தேன், விழுந்ததால் பூட்டு விட்டது. பூட்டு தன் வேலையைச் செய்தது. இயந்திரவியலில் முதுகலை படித்தவன் நான், இது எனக்கு அங்கேயே தெரியும். ஆனாலும் மதிய உணவு இடைவேளையில், சறுக்குமலை லாட்ஜ் வாசலில் பொதுவுக்குச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருக்கும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முன் பூட்டையும் பின் பூட்டையும் இரண்டரைச் சுற்று இறுக்கினேன். சிவப்புக் கோடு உடைந்து திரும்பிக்கொண்டது. பிற்பகல் முழுக்க ஸ்கீ கழலவில்லை. ‘பார்த்தீர்களா’ என்று சாயங்காலம் பெருமை பேசினேன்.

மறுநாள் காலை மச்சினன், “அத்தான், ஒரே ஒரு ரவுண்டு” என்று கேட்டான். பூட்ஸ் அளவு இருவருக்கும் ஒன்று. அவன் என்னைவிட நாற்பது பவுண்டு குறைவு. கொடுத்தேன்.

அவன் விழுந்த இடத்துக்கு நான் ஓடிப் போனபோது ஸ்கீ அவன் காலிலேயே இருந்தது. அது ஒரு திசையைக் காட்டியது. முழங்கால் வேறு திசையைக் காட்டியது. மீட்புக்காரர் பின்பூட்டை அழுத்தி விடுவித்தார். அவன் அலறிய அலறலில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மருத்துவமனையில் காத்திருக்கும்போது டாக்டர்தான் ஆரம்பித்தார். “பைண்டிங் ரிலீஸ் ஆகல. அந்தக் கராஜ் மெக்கானிக் வேலைய நான் அப்பவே சொன்னேன்.” என் மனைவி என்னைப் பார்த்தாள். “அவர் சரியா வெக்கலையாங்க?”

“தெரியல. பழசு இல்லையா” என்றேன்.

இந்தச் சில வார்த்தைகள்தான் நான் சொன்ன பொய் முழுவதும். வீடு திரும்பியதும் கராஜில் தனியாக உட்கார்ந்து, இரண்டு திருகாணிகளையும் கோடு கோட்டோடு சேரும் வரை பின்னோக்கித் திருகினேன். அச்சாகச் சேர்ந்தது. அந்த வாரமே எங்கள் தமிழ்ப் பள்ளி வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் எழுதினார்: பிள்ளைகள் பாதுகாப்பு முக்கியம், வீட்டில் பழுது பார்த்த ஸ்கீ இனி யாரும் உபயோகிக்க வேண்டாம். அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். என்னுடையதும் ஒன்று.

அவரும் அந்தக் குழுவில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் மனைவியும் எங்கள் வீட்டில் படுத்திருந்த மச்சினனைப் பார்க்க வந்தார்கள். ஒரு பாத்திரத்தில் அரிசிம்பருப்புச் சாதம். அவனோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, “அந்த ஸ்கீய ஒருக்காப் பாக்கலாமுங்களா?” என்றார். கராஜில் நானும் அவரும். வாசற்படியில் என் மனைவியும் அந்த அம்மாவும். அவர் குந்தி உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முன்பூட்டு. பின்பூட்டு. கோடு சேர்ந்துதான் இருந்தது. ஆனால் காய்ந்த நகப்பூச்சை ஒரு முறை உடைத்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால், சேர்ந்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரியும். அதன் மேல் அவர் அந்தத் தேய்ந்த நகத்தை வைத்தார். ஒரு செதில் உதிர்ந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

“என்ன சார், எங்க தப்பாச்சு?” என்று என் மனைவி கேட்டாள்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. எடை மெஷின் மேல் ஆளை ஏறச் சொல்லிவிட்டுக் காத்திருப்பாரே, அந்த மாதிரி. நான் அடுக்கி வைத்திருந்த பெயின்ட் டப்பாக்களைப் பார்த்தேன்.

பிறகு அவர் என் மனைவி பக்கம் திரும்பினார். “என்ர கையில இருந்து போனதுங்க. நான்தான் இன்னும் பாத்திருக்கோணும்.”

அந்த அம்மா சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன். அப்போது அதன் பொருள் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு யாரும் அவரிடம் ஸ்கீ கொண்டு போகவில்லை. அடுத்த பிப்ரவரியில் கேபினுக்கு அவர்களைக் கூப்பிடவில்லை. யாரும் முடிவு செய்ததாகவும் தெரியவில்லை, அப்படியே விட்டுப்போயிற்று. ஒரு வியாழக்கிழமை, குப்பை வண்டி வரும் நாள், அவர் தெரு வழியாகப் போனேன். அவர் வீட்டு வாசலில் அறுத்த ஸ்கீ துண்டுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பிள்ளைகளுடையதுதான் அதிகம். அடிப்பக்கம் புது மெழுகு வெயிலில் மின்னியது. முடிந்துபோனதைத்தான் அவர் அறுப்பார் என்று எனக்குத் தெரியும். இவை எதுவும் முடிந்துபோனவை அல்ல. நான் காரை நிறுத்தவில்லை.

சில வருடம் கழித்து வீட்டை விற்றுவிட்டு, மகளோடு இருக்க டெக்ஸாஸில் இருக்கும் ஆஸ்டினுக்குப் போய்விட்டார்கள். அங்கே பனி கிடையாது.

எங்கள் வீட்டில் அந்தக் கதை ஒரு வேடிக்கையாக நிலைத்தது. குளிர் நாளில் மச்சினனுக்குக் கால் குடையும். “கோயம்புத்தூர் அங்கிள் தயவுல எனக்கு வெதர் ரிப்போர்ட் கால்லயே வந்துருது” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். பதினோரு தடவை நானும் சிரித்திருப்பேன். போன வருடம் நன்றிநாள் விருந்தில் அவன் அதைச் சொன்னபோது, ஏனென்று தெரியாது, கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். கோடு, ஸ்க்ரூ டிரைவர், திருப்பி வைத்தது, எல்லாம்.

மச்சினன், “விடுங்க அத்தான், பழைய கதை” என்றான். என் மனைவி விடவில்லை. எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: “நான் கேட்டேன். அவர் என் முகத்தப் பாத்து, தப்பு தன்னோடதுன்னாரு. நீங்க பக்கத்துல நின்னீங்க.” அதற்குப் பிறகு அவள் இதைப் பற்றிப் பேசியதில்லை. மற்றவற்றைப் பற்றியும் குறைவாகத்தான் பேசுகிறாள்.

மறுநாள் வாட்ஸ்ஆப் குழுவில் முழுவதையும் எழுதிப் போட்டேன். சாயங்காலத்துக்குள் அறுபது பதில். கூப்பிய கைகள். ‘இந்த வயதில் என்ன நேர்மை’, ‘சார், யூ ஆர் கிரேட்’, ‘பிள்ளைகளுக்குக் காட்டினேன்’. டாக்டர் ஒரு இதயம் போட்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரர் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜனவரியில், பன்னிரண்டு வருடமாக என் கராஜில் கிடந்த அந்த ஸ்கீயை அதற்குரிய நீளப் பையில் போட்டு விமானத்தில் ஏற்றிக்கொண்டு ஆஸ்டினுக்குப் போனேன். அவர் கையாலேயே அதை மறுபடி வைத்துக் கொடுக்கச் சொன்னால், நான் அவரை நம்புகிறேன் என்பது அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். யார் யாரை நம்ப வேண்டும் என்பதுகூட எனக்குத் தலைகீழாகவே இருந்திருக்கிறது.

மகள் கதவைத் திறந்து, கராஜைக் காட்டினாள். சின்ன மேஜை, அதில் ஸ்கீயைக் கவ்வி நிறுத்தும் அதே பழைய இடுக்கிப் பிடி. மெலிந்திருந்தார். சொல்ல வந்ததைச் சொன்னேன். அரம் போடும்போது கேட்பதுபோலக் கேட்டார்.

“புள்ள போன்ல காட்டுச்சுங்க. படிச்சனுங்க. எல்லாரும் உங்களப் பெருமையாத்தான் எழுதியிருந்தாங்க.”

“அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாமே சார். ஏன் சொல்லல?”

“உங்க சம்சாரம் நின்னாங்க. உங்க விசயம், நீங்கதான் சொல்லோணும். சொல்லுவீங்கன்னு ஒரு வருசம் பாத்தனுங்க.” இடுக்கியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். “காருல திரும்பிப் போறப்ப என்ர சம்சாரம் கேட்டா. கை தவறிருச்சுங்களான்னு. நான் பேசாம வண்டிய ஓட்டுனேன். நீங்க வந்து சொன்னா அவளுக்கும் தெரிஞ்சு போகுமுன்னு இருந்தேன். அதுக்கப்புறம் அவ தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகலைங்க. நம்மனால ஒரு பையன் கால் போச்சுன்னே நெனச்சுட்டுப் போய்ச் சேர்ந்துட்டா. ரெண்டு வருசம் ஆச்சுங்க.”

அந்த அம்மா இறந்தது எனக்குத் தெரியாது. குழுவில் யாருக்கும் தெரியாது.

பையிலிருந்து ஸ்கீயை அவரே எடுத்தார். வளைத்துப் பார்த்தார். அடியைத் தடவினார். விளிம்பில் நகத்தை இழுத்தார். “இன்னும் நாலு வருசம் நல்லா ஓடுமுங்க” என்றார். மறுபடி வைத்துக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஸ்கீயை இடுக்கியில் வைத்து இறுக்கி, ஆணியில் தொங்கிய இரும்பு ரம்பத்தை எடுத்தார்.

“ஓடும்னீங்களே சார்.”

“ஓடுமுங்க. அந்தக் கோடியப் புடிங்க.”

பிடித்தேன். விளிம்பு எஃகு கிறீச்சிட்டது. எண்பது வயதுக் கை. நான்கு இழுப்புக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார். நான் அறுக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாமென்று தலையை ஆட்டினார். இரண்டையும் அறுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. துண்டுகளை அடுக்கிக் கட்டினார். துகளைக் கூட்டி அள்ளினார். காலிப் பையை மடித்து என் கையில் கொடுத்தார்.

“ஃபிளைட்டு எத்தன மணிக்குங்க?”

“ஆறரைக்கு.”

“அப்ப இப்பவே பொறப்பட்டாத்தான் சரியா இருக்குமுங்க” என்றார்.

மணி அப்போது பன்னிரண்டுகூட ஆகவில்லை. உள்ளே மகள் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. ஏர்போர்ட் அங்கிருந்து இருபது நிமிடம்.